நோட்டரி சீல் குத்தினால் தத்து ஆகிவிடாது

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நாலு வரி, பெற்றவளின் கைரேகை, ரெண்டு சாட்சி, ஓரத்தில் நோட்டரி சீல். "எல்லாம் சட்டப்படிதான் சார் எடுத்தோம்" என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நீட்டுகிறார்கள். இந்தத் தாளை இன்னும் எத்தனை முறைதான் பார்ப்பது!

கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்கு மேல் நோட்டரி எதற்கும் பொறுப்பில்லை. பத்திரம் எழுதித் தத்தெடுக்க வழியே இல்லையா என்றால், இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. ஆனால் கொடுப்பவர்கள் பெற்றோராக, அவர்கள் இல்லாதபோது நீதிமன்ற அனுமதி பெற்ற பாதுகாவலராக இருக்க வேண்டும். தாய், தகப்பன் இருவரும் இருந்தால் பொதுவாக இருவர் சம்மதமும் வேண்டும். பாட்டியோ பிரசவம் பார்த்த நர்ஸோ தாங்களாகவே தூக்கிக் கொடுக்க முடியாது. வீட்டில் மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அதே கதைதான். கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்திட்ட பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால், பொய் என்று யாராவது நிரூபிக்கும்வரை தத்து சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்கு ஈடாகப் பணம் கொடுத்தால் குற்றம். 'ஆஸ்பத்திரிச் செலவு' என்று பெயர் வைத்தாலும் அது விலைதான்.

இதைவிட மோசம், பெற்றவளை வளர்ப்பவள் பெயரில் அட்மிஷன் போட்டு, பிறப்புச் சான்றிதழையே மாற்றி வாங்குவது. யாரோ ஒருவர் புகார் கொடுத்தால் போதும், டிஎன்ஏ பரிசோதனையில் எல்லாம் வெளியே வரும். இளைஞர் நீதிச் சட்டத்தில் குழந்தை விற்பனைக்கு 5 ஆண்டு வரை சிறை. ஆஸ்பத்திரி ஊழியர் என்றால் 3 முதல் 7 ஆண்டு. "அம்மா எங்கே" என்று காப்பகத்தில் அழுவது மட்டும் அந்தப் பிள்ளை.

மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவில் வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, விதியைத் தளர்த்துங்கள் என்கிறார்கள். வரிசையில் நிற்கும் பெற்றோர் அதிகம், தத்துக்கு வரும் குழந்தைகள் குறைவு. விதியைத் தளர்த்தினால் குழந்தைகள் கூடிவிடுமா? அரசு அமைக்கும் குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளையை ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 2 மாத அவகாசம் உண்டு. அதில் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. வேகம் வேண்டியது தத்தெடுப்பவர் வீட்டைப் பார்த்து எழுதும் வீட்டாய்வு அறிக்கையில், குழுவின் காலியிடங்களை நிரப்புவதில், கலெக்டர் மேஜையில். (2021 திருத்தத்துக்குப் பின் தத்து ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, கலெக்டர்.)

வளர்க்க முடியாத தாய்மாரே, குப்பைத்தொட்டியும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போதும். உங்கள் பெயர் வெளியே வராது. தத்தெடுக்க நினைப்பவர்கள் காரா இணையதளத்தில் பதியுங்கள். சொந்தக்காரர் பிள்ளை என்றாலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதலில் விசாரியுங்கள். அந்த இருபது ரூபாய்த் தாள் ஏற்கெனவே பீரோவில் இருக்கிறதா? பள்ளியில் சேர்க்கும் நாள்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.