இரு பற்களுக்கு இடைப்பட்ட நேரம்

கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கல்லூரித் தோழர்களுடன் கார் கட்டிவரும் ஒரு மாணவி, பின்சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் மின்னணுக் கருவியைத் தாங்களே செய்துகொள்ள முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார். முடியும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் எனப்படும் இந்த இழுவைக் கட்டுப்பாடு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2008 முதல் தடைசெய்யப்பட்டிருந்தாலும் மாணவர் போட்டிகளில் அத்தகைய தடை இல்லை.

சிறிதும் வழுக்காத சக்கரம் காரைத் தள்ளவும் செய்யாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டயர் சாலையைத் தொடும் கையகல இடத்தில் ஒவ்வொரு ரப்பர்த் துணுக்கும் முன்பக்கம் நுழைந்து சாலையைப் பற்றிக்கொள்கிறது. பின்பக்கம் சென்று விடுபடும்வரை மேலும் மேலும் இழுபடுகிறது. அந்த இழுபடலே காரை முன்னே செலுத்தும் விசை. ஆகவே சக்கரம் காரைவிடச் சற்று வேகமாகச் சுழன்றே ஆக வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் இந்த மிகை ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு இருக்கும்போது பிடிப்பு உச்சத்தை எட்டுகிறது. அதைத் தாண்டினால் பெரும்பாலான துணுக்குகள் சறுக்கத் தொடங்கிப் பிடிப்பு குறைகிறது. பிடிப்பு குறைவதால் சக்கரம் மேலும் வேகமெடுக்கிறது. வேகமெடுப்பதால் பிடிப்பு இன்னும் குறைகிறது. இந்தச் சுழற்சி ஓட்டுநரின் கால் உணர்ந்து விலகுவதற்குள் முற்றிவிடும் என்பதால்தான் கருவி தேவைப்படுகிறது.

பின்சக்கரங்களால் ஓடும் காரில் முன்சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. எனவே அவற்றின் வேகமே காரின் வேகம். பின்சக்கர வேகத்திலிருந்து அதைக் கழித்து, அதனாலேயே வகுத்தால் வழுக்கல் விகிதம் கிடைத்துவிடும். வேகத்தை அளக்க, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புப் பல் வளையமும், பின்னால் சிறு காந்தம் பொருத்திய ஹால் சென்சாரும் போதும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சென்சாரிலிருந்து ஒரு மின் துடிப்பு வரும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துடிப்புகளை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும் என்றே முதன்முறை செய்பவர்கள் நினைப்பார்கள். சுற்றளவு 1.5 மீட்டர் உள்ள சக்கரத்தில் 30 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பல்லுக்கு 5 செ.மீ. பயணம். மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் முன்சக்கரத்திலிருந்து 50 மில்லிநொடியில் 10 துடிப்புகள் வரும். 10 விழுக்காடு வழுக்கும் பின்சக்கரத்திலிருந்து 11 வரும். நாம் தேடும் வேறுபாடு முழுவதும் ஒரே ஒரு பல்! எண்ணத் தொடங்கும் கணம் சற்று முன்பின்னாக அமைந்தாலே ஒரு துடிப்பு கூடும், குறையும் என்பதால், இந்த அளவீட்டால் பயனில்லை.

எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தால் நிலைமை தலைகீழாகிறது. மாணவர்கள் பழகிய ஆர்டுவினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 8 ஆல் வகுத்துப் பயன்படுத்தினால் அரை மைக்ரோநொடிக்கு ஒரு தட்டு, அதாவது கடிகாரத்தின் ஒரு ‘டிக்’, கிடைக்கும். முன்சக்கரத்தின் 5 மில்லிநொடி இடைவெளி 10,000 தட்டுகள். பின்சக்கரத்துக்கு ஏறத்தாழ 9,090. ஒரு பல்லாக இருந்த வேறுபாடு 910 தட்டுகளாக விரிகிறது, அதுவும் ஒவ்வொரு பல்லுக்கும் புதிதாக. புதிய பொருள் எதையும் வாங்கவில்லை. கேள்வியைத் திருப்பிக் கேட்டோம், அவ்வளவே.

இந்தக் கூர்மை வளையத்தின் குறையையும் காட்டிக்கொடுக்கும். ஒரு பல் தன் இடத்திலிருந்து அரைப் பாகை விலகி வெட்டப்பட்டிருந்தால், 12 பாகை இடைவெளியில் அது 4 விழுக்காட்டுப் பிழை. இல்லாத வழுக்கலைக் கருவி உணரும். ஒரு முழுச் சுற்றின் சராசரியை எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், ஆனால் விடை வருவதற்குள் கார் ஒன்றரை மீட்டர் கடந்திருக்கும். இதைவிட அழகான வழி ஒன்று உண்டு. கார் சீரான வேகத்தில் உருளும்போது ஒவ்வோர் இடைவெளியும் சுற்றின் முப்பதில் ஒரு பங்காக இருக்க வேண்டும். எந்த இடைவெளி எவ்வளவு விலகுகிறது என்று கருவியே குறித்துவைத்து, பின்னர் ஒவ்வோர் அளவையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். பட்டறையில் கையால் அறுத்த வளையமும் இதனால் துல்லியமான கருவியாகிவிடும்.

பல கல்லூரிகளில் விலையுயர்ந்த ஆயத்தக் கருவி வாங்க நிதி கிடைக்கிறது, மாணவர்கள் நான்கு வளையங்களை வெட்டிக் கெடுத்துக் கற்றுக்கொள்ளக் கிடைப்பதில்லை. இந்த முன்னுரிமை தவறு என்றே நான் கருதுகிறேன்.

வழுக்கல் வரம்பைத் தாண்டியதும் எஞ்சினின் விசையைக் குறைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் பொறியை எஞ்சின் சுழற்சியில் சில பாகைகள் தாமதப்படுத்துவது முதல் படி. அது போதாதபோது பொறியை அறவே தவிர்க்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் 5 மில்லிநொடிக்கு ஒருமுறை எரிவதால் நுணுக்கமாகக் குறைக்க முடியும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் அந்த இடைவெளி 20 மில்லிநொடி என்பதால் ஒவ்வொரு தவிர்ப்பும் ஒரு குலுக்கலாக உணரப்படும். சாலைக் காரில் பொறியை இப்படித் தவிர்க்கவே கூடாது: எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றியைச் சூடேற்றி அழித்துவிடும்.

வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள்வதால், இரு முன்சக்கரங்களின் சராசரியையும் இரு பின்சக்கரங்களின் சராசரியையும் ஒப்பிட வேண்டும். கார் புறப்படும் கணத்தில் முன்சக்கர வேகம் சுழி; சுழியால் வகுக்க முடியாது. ஆகவே முதல் சில மீட்டர்களுக்கு விகிதத்தை விட்டுவிட்டு, வேக வேறுபாட்டுக்கு மட்டும் ஒரு வரம்பு வைக்க வேண்டும்.

முன்சக்கரச் சென்சார்களின் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். கருவிக்குக் கார் நின்றுவிட்டதாகவும் பின்சக்கரம் மட்டும் வெறிகொண்டு சுழல்வதாகவும் தோன்றும். நடு வளைவில் எஞ்சினை அடக்கிவிடும். ஆனால் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் உருண்ட சக்கரம் அடுத்த பல் வருவதற்குள் நின்றுவிட இயற்பியலில் இடமில்லை. அப்படியொரு செய்தி வந்தால் அதை நம்பாமல், எஞ்சினை முழுமையாக ஓட்டுநரிடம் விட்டுவிட்டு, அவர் கண்ணெதிரே ஒரு சிவப்பு விளக்கை எரியவிடும்படி நிரலின் முதல் வரிகளை எழுதுங்கள்.