ரேஞ்ச் என்றால் வரம்பா?

"ஹெட்செட் வரம்பிற்கு வெளியே உள்ளது." கைபேசித் திரையில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. ஹெட்செட் வந்த பெட்டியைத் திருப்பினால் அங்கும் "வயர்லெஸ் வரம்பு: 10 மீட்டர்". உள்ளே மடித்து வைத்திருக்கும் கையேட்டிலும் அதே வரம்பு. எல்லாம் ரேஞ்ச் (range) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த பெயர்ப்பு. தவறான சொல் நாலு இடத்தில் அச்சாகிவிட்டால் அதுவே கலைச்சொல்லாக நிலைத்துவிடும். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

ரேஞ்ச் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அடிப்படைப் பொருள் வரிசை, நிரை. குண்டு போய்ச் சேரும் தொலைவு என்ற பொருள் பின்னால் ஏறியது. கம்பியில்லாத் தொடர்பில் நாம் சொல்லும் ரேஞ்ச் இந்தப் பிந்தைய பொருளைச் சேர்ந்தது. தமிழில் இதற்கு ஒரே சொல் தேடுவது வீண். மலைக்கு வந்தால் தொடர், காட்டுக்கு வந்தால் சரகம், துப்பாக்கிப் பயிற்சிக்கு வந்தால் சுடுதளம், கணிதச் சார்புக்கு வந்தால் வீச்சகம். முன்னே கலைச்சொல் செய்தவர்கள் இடம் பார்த்துச் சொல் எடுத்தார்கள். இப்போது செய்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள்.

வரம்பு என்பது வயலின் வரப்பு. ஒருவர் மண்ணை அணைத்துக் கட்டியது. இந்தப் பக்கம் என் நிலம், அந்தப் பக்கம் உன் நிலம். வயது வரம்பு, வேக வரம்பு, வருமான வரம்பு எல்லாமே யாரோ விதித்தவை. அங்கே அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஹெட்செட்டுக்கும் கைபேசிக்கும் நடுவே யாரும் வரப்புக் கட்டவில்லை. 2.5 மில்லிவாட் வரை திறனுள்ள புளூடூத் கருவிக்குச் சுமார் 10 மீட்டர் என்றும், 100 மில்லிவாட் கருவிக்குச் சுமார் 100 மீட்டர் என்றும் சொல்வது ஒரு மதிப்பீடுதான். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் சென்று சேரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். படிப்படியாக மெலியுமே தவிர, பத்தாவது மீட்டரில் அறுந்து விழாது. வெட்டவெளியில் 10 மீட்டரைத் தாண்டியும் பாட்டு கேட்கும். அதே ஹெட்செட்டை இடது காதில் மாட்டி, கைபேசியை வலது கால்சட்டைப் பையில் வைத்தால் ஒரு மீட்டருக்குள்ளேயே விட்டுவிட்டுக் கேட்கலாம். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நிறைந்த நம் உடல் உறிஞ்சுவதுதான் காரணம். ஆளுக்கும் சுவருக்கும் ஏற்ப மாறும் ஒன்றை வரம்பு என்று எழுதினால், வாங்குபவர் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்.

தனித்தமிழ் ஆர்வலர்கள் முன்வைக்கும் சொல் வீச்சு. அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. வீசு என்ற வேர் நல்ல வேர். வலைவீச்சு, வாள்வீச்சு போல் காதுக்கும் பழகியது. ஆனால் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் வீச்சு என்பது அலையின் உயரத்தைக் குறிக்கும் சொல். ஏஎம் வானொலியை விளக்கும் பாடத்துக்கே வீச்சுப் பண்பேற்றம் என்றுதான் பெயர். போதாக்குறைக்கு, புள்ளியியலில் பெரும மதிப்புக்கும் சிறும மதிப்புக்கும் உள்ள வேறுபாடும் வீச்சு. "வீச்சு குறைந்தால் வீச்சு குறையும்" என்று பாடம் நடத்த முடியுமா? அதுவும் அலைகளைப் பற்றிய துறைக்குள்ளேயே இந்த மோதல். இன்னொன்று, வீச்சில் வீசுபவர் மட்டுமே இருக்கிறார். ஹெட்செட்டில் பேச்சு இருபக்கமும் போகவேண்டும். கைபேசியின் அலை ஹெட்செட்டுக்கு வந்தால் மட்டும் போதாது; சின்ன மின்கலத்தில் ஓடும் ஹெட்செட்டின் அலையும் கைபேசிக்குத் திரும்பிச் சேரவேண்டும். வீசுவது வேறு, சேர்வது வேறு.

நெடுக்கம் என்ற சொல்லும் உண்டு. எறிபொருள் பாடத்தில் கிடைத்தள நெடுக்கம் என்பார்கள். ஒரு திசையில் பாய்ந்து விழும் கல்லுக்கு அது சரி. எல்லாத் திசையிலும் பரவும் அலைக்கு ஒட்டவில்லை.

ரேஞ்ச் என்றே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு: அது தமிழ்ப் பேச்சில் வேறு வேலைக்குப் போய்விட்டது. "அவர் ரேஞ்சே வேற" என்றால் அந்தஸ்து. கைபேசி விஷயத்தில் நம் மக்கள் "டவர் கிடைக்கல" என்கிறார்கள், ரேஞ்ச் என்பதில்லை.

நான் எழுதுவது "எட்டும் தொலைவு". கைக்கு எட்டும், கண்ணுக்கு எட்டிய தூரம், அவர் காதுக்கு எட்டிவிட்டது என்று சேர்தலை எட்டு என்ற வினையால்தான் காலங்காலமாகச் சொல்கிறோம். கூப்பிடு தூரம் என்று குரல் எட்டும் அளவையே தொலைவின் அளவாக வைத்திருந்த மொழி இது. எட்டுதொலைவு என்று சுருக்கலாம்தான். ஆனால் பெட்டியில் இடம்விட்டு அச்சிட்டால் 8 என்று படிக்கும் ஆபத்து இருக்கிறது. எட்டம் என்பதும் அழகுதான். ஆனால் "எட்ட நில்" என்னும்போது அது விலகலைக் குறிக்கிறது. ஆகவே ஓர் எழுத்து கூடினாலும் எட்டும் என்றே இருக்கட்டும்.

இதை வைத்தால் மற்ற வாக்கியங்களும் தாமாக நேராகின்றன. "வரம்பிற்குள் வைத்திருக்கவும்" என்பது "எட்டும் தொலைவுக்குள் வைத்திருக்கவும்" ஆகும். திரையில் வரும் எச்சரிக்கை "ஹெட்செட் எட்டாத தொலைவில் உள்ளது" ஆகும். அருகலை என்று வைஃபைக்குப் பெயர் வைத்தவர்களும் இதை யோசித்திருக்கலாம். அருகில் மட்டுமே வேலை செய்யும் ஹெட்செட்டின் புளூடூத்தைவிட வைஃபை பொதுவாகக் கூடுதல் தொலைவுக்கு எட்டுகிறது.

கையேடுகளில் ரேஞ்சுக்குப் பக்கத்திலேயே "பார்வைக் கோட்டில் 10 மீட்டர்" என்று, லைன் ஆஃப் சைட் (line of sight) என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பும் வருகிறது. என்ன கோடு, யாருடைய பார்வை என்று எந்த வாசகருக்கும் விளங்காது. அங்கே எழுதவேண்டியது: "எட்டும் தொலைவு: இடையில் மறைப்பு இல்லாவிட்டால் சுமார் 10 மீட்டர்."