ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடும் முன்

தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக நான் காணும் பேறுகாலப் பிரச்சினைகளில், விடுப்பு தர இயலாது என்று நிர்வாகம் எழுத்தில் மறுத்தவை மிகக் குறைவு. "இப்போதைக்கு ராஜினாமா எழுதிக் கொடுங்கள், குழந்தை பிறந்தபின் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம்" என்ற கனிவான பேச்சை நம்பி அந்தப் பெண்ணே எழுதிக் கொடுத்த கடிதம்தான் பெரும்பாலான கோப்புகளில் இருக்கிறது. பேறுகால விடுப்பில் இருப்பவரைப் பணிநீக்கம் செய்வதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. தாமாக விலகியதாகக் கையெழுத்திட்டுவிட்டாலோ, அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையிலேயே விழுகிறது. எனவே, வேலையில் தொடர விரும்பும் எவரும் அக்கடிதத்தை எழுதவே கூடாது.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்து, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ள முக்கியத் தகுதி, பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருப்பதே. நிரந்தரப் பணியில் இல்லை என்பது மறுப்பதற்குக் காரணமாகாது. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. தகுதியுடையவருக்கு 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு கிடைக்கும். அதில் 8 வாரங்கள் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரு குழந்தைகள் உள்ளவருக்கு மொத்த விடுப்பு 12 வாரங்கள். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்கு விடுப்புக் கால ஊதியத்தை நிறுவனத்துக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. கழகமே வழங்குகிறது. அங்கே தகுதியை, சந்தா செலுத்திய நாட்களைக் கொண்டு தனியாகக் கணக்கிடுவார்கள்.

ஒப்பந்தப் பணியாளர்கள் அறிய வேண்டிய தீர்ப்பு 2023-இல் வந்தது. பேறுகாலப் பயன்கள் தொடங்கியபின் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும், எஞ்சிய காலத்துக்கான தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தம் முடியும் தேதியைச் சுட்டிக்காட்டி அனுப்பப்பட்ட பலரை நான் சந்தித்திருப்பதால், இத்தீர்ப்பு இன்னும் பல அலுவலகங்களை எட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

விடுப்பு தொடங்கும் நாளைக் குறிப்பிட்டு மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அறிவிப்புக் கொடுத்து, நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புத் தரத் தவறினாலும் உரிமை போய்விடாது. ஆயினும் வழக்கு என்று வந்தால் வாய்ப்பேச்சைவிட அந்தத் தாளே பேசும். பணிநீக்கக் கடிதம் வந்தால், 60 நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். பிரசவமும் பச்சிளங்குழந்தையுமாக இருக்கும் ஒருவருக்கு அந்நாட்கள் கண்மூடித் திறப்பதற்குள் கழிந்துவிடும் என்பதால், குடும்பத்தினர்தான் இதில் முன்னின்று ஓட வேண்டும்.

பணிக்குத் திரும்பியபின், குழந்தைக்கு 15 மாதங்கள் நிறையும் வரை பாலூட்டுவதற்காக நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் உண்டு. அதற்காக ஊதியத்தைப் பிடிக்கக் கூடாது. 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதியும் கட்டாயம்.

கருச்சிதைவுக்கு உள்ளானவர்கள் சொந்த விடுப்பை எடுத்துக்கொண்டு ஓரிரு நாட்களிலேயே வேலைக்குத் திரும்புவது என்னை மிகவும் வருத்துகிறது. அவர்களுக்கும் ஊதியத்துடன் 6 வாரங்கள் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்று ஒன்றே அதற்குப் போதும். அந்த 6 வாரங்களில் அவர்களிடம் வேலை வாங்குவதையே சட்டம் தடை செய்கிறது.