எவர்கிரீன்: மாமரமா, வாடாமல்லியா?

பழைய பாட்டு எது காதில் விழுந்தாலும் ‘எவர்கிரீன் சாங்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இது இசையில் பிறந்த சொல் அல்ல. ‘எவர்’ என்றால் எப்போதும், ‘கிரீன்’ என்றால் பச்சை. ஆண்டு முழுக்க இலையோடு நிற்கும் மரஞ்செடிகளை ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே இப்படிச் சொன்னார்கள். பாட்டுக்கு வந்தது பிற்பாடுதான். ஜெர்மன்காரர்கள் இதைப் பெயர்ச்சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள். அங்கே ‘எவர்கிரீன்’ என்றால், இன்னும் விரும்பிக் கேட்கப்படும் பழைய பாட்டு.

எவர்கிரீன் மரம் இலையே உதிர்க்காது என்று நினைக்கிறோம். வாசலில் மாமரம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், பெருக்கி மாளாது என்பார்கள். மாமரமும் பசுமைமாறா மரம்தான். ஒரேயடியாகக் கொட்டி மொட்டையாக நிற்காது, அவ்வளவே. இங்கே சருகு விழும்போதே இன்னொரு கிளையில் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும்.

வாடாமல்லி வேறு கதை. பறித்து மாதக்கணக்கானாலும் நிறம் போகாது, தொட்டால் சரசரக்கும். பூ காய்ந்துதான் இருக்கிறது.

பழைய பாட்டு இன்று புதிதாக வந்தால் எடுபடுமா என்று கேட்பது, அது இந்த இரண்டில் எது என்று கேட்பதுதான். நம் பள்ளி நாட்களைக் கழித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாத பாட்டு வாடாமல்லி. (என் பட்டியலில் பாதி இந்த ரகம்.) பிரிட்டன் பாடகி கேட் புஷ் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ மாமரம். 1985இல் பிரிட்டன் பாடல் தரவரிசையில் 3ஆம் இடம்வரை போனது. 2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரில் ஒலித்ததும், பாட்டு வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். 37 ஆண்டு கழித்து முதலிடம்! தொடர் தூக்கிவிட்டது உண்மைதான். ஆனால் தொடரில் வந்த எல்லாப் பாட்டும் அப்படி ஏறவில்லையே.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சாகாவரம் பெற்ற பாடல்’ மேடைப் பேச்சுக்கு ஆகும். ‘காலத்தால் அழியாத’ என்பது அழியவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. வாடாமல்லிகூட அதில் அடங்கிவிடும். பாடப்புத்தகத்தில் ‘பசுமைமாறாக் காடு’ ஏற்கெனவே இருக்கிறது. ‘பசுமைமாறாப் பாடல்’ என்று தாராளமாக எழுதலாம். புதிய காதுகள் கிடைத்துக்கொண்டிருக்கும் பாட்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டால் நல்லது.

அப்புறம், ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’. 1984இல் ‘வாம்’ என்ற பிரிட்டன் இசை ஜோடி வெளியிட்ட பாட்டு, பிரிட்டனில் முதலிடம் பிடிக்க 2021 ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் தளிர்த்து ஜனவரியில் மொட்டையாகிவிடுகிறதே, அதை இலையுதிர் வகையில்தான் சேர்க்க வேண்டும்.