ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்

வளைகாப்பு முடிந்த பிறகு முதல் ஸ்கேனுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. சமீபத்தில் ஏற்காடு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார், 32 வாரம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச் சுவரான உதரவிதானத்தில், குழந்தைக்கு ஓட்டை. குடலும் வயிறும் நெஞ்சுக்குள் ஏறி, இதயத்தை வலப்பக்கம் தள்ளியிருந்தன. ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் குறை இது.

"வயித்துக்குள்ளயே ஓட்டையை அடைச்சிடறாங்களாமே டாக்டர், போன்ல பார்த்தோம்" என்றார் கூட வந்த மாமியார். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கர்ப்பத்தில் இந்த ஓட்டையை இப்போது யாரும் தைப்பதில்லை. முன்பு சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் கருப்பையைத் திறந்து தைத்துப் பார்த்தார்கள். பிறந்த பின் தைப்பதைவிடப் பலன் கூடவில்லை என்று தெரிந்து அதை விட்டுவிட்டார்கள். ஓட்டைக்கு அவசரமே இல்லை. குழந்தை பிறந்து, மூச்சும் ரத்த ஓட்டமும் நிலைப்பட்ட பின், சில நாள் கழித்துக்கூடத் தைக்கலாம். உயிருக்கு ஆபத்து, வளராமல் நின்றுபோன நுரையீரலால்தான்.

போனில் நீங்கள் பார்த்தது பலூன் சிகிச்சையாக இருக்கும். தாயின் வயிற்றில் சிறு துளை போட்டு, மெல்லிய கேமராக் குழாய் வழியாகக் குழந்தையின் மூச்சுக்குழாயில் ஒரு குட்டி பலூனை வைப்பார்கள். நுரையீரலில் ஊறும் திரவம் வெளியேறாமல் தேங்கி, நுரையீரலை விரித்து வளர வைக்கும். மிகக் கடுமையான பாதிப்பென்றால் வைப்பது 27 முதல் 29 வாரத்துக்குள், எடுப்பது 34 வாரத்தில். 32 வாரத்தில் வந்து நின்றால் நான் என்ன செய்ய?

எல்லோருக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இடப்பக்கக் குறை மிகக் கடுமையாக இருந்த குழந்தைகளில் பிழைத்து வீடு திரும்பியவர்கள் 100-க்கு 15-லிருந்து 40 ஆனார்கள். நடுத்தரப் பாதிப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. பலூன் வைத்தால் குறைப்பிரசவமும் அதிகம். பலூன் உள்ளே இருக்கும்போது வலி வந்து, அதை எடுக்கத் தெரிந்த குழு பக்கத்தில் இல்லையென்றால் குழந்தையால் மூச்சுவிட முடியாது. அந்த வாரங்களில் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும். வலி வந்ததும் மலையிலிருந்து இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள்.

அப்புறம், காப்பி மூட்டை தூக்கினாள், கிரகணத்தில் வெளியே போனாள் என்று அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், தயவுசெய்து. உதரவிதானம் மூட வேண்டியது மூன்றாம் மாதத்துக்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்.

18 முதல் 20 வாரத்துக்குள், குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், சட்டப்படி சொல்ல மாட்டோம். ரிப்போர்ட்டில் குறை என்று வந்தால் வீட்டில் கூடிப் பேசி ஒரு மாதம் கடத்தாமல், அந்த வாரமே கரு மருத்துவ நிபுணரைப் பாருங்கள்.

பிரசவ அறையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தக் குறையுள்ள குழந்தைக்கு மாஸ்க் வைத்து, கையால் காற்று செலுத்தும் ஆம்பு பையை அழுத்தாதீர்கள். காற்று குடலுக்குள் போய் நுரையீரலை இன்னும் நசுக்கும். நேராக மூச்சுக்குழாயில் டியூப் போடுங்கள், வயிற்றுக் காற்றை இறக்க இன்னொரு டியூப். பச்சிளம் குழந்தைக்கான வெண்டிலேட்டரும் குழந்தைகள் அறுவை மருத்துவரும் இல்லாத இடத்தில் இந்தப் பிரசவத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டாம், முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.