கராபிடே: மரமேறும் தரைவண்டு

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டுப் பாதையில் நடந்தபோது சருகுக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று விறுவிறுவென்று ஓடி மறைந்தது. "கிரவுண்ட் பீட்டில், சித்தப்பா" என்றான் கூட வந்த அண்ணன் மகன். தமிழில்? தரைவண்டு. ஆங்கிலத்தைப் பார்த்து வைத்த பெயர்தான், பாதகமில்லை.

இந்த வண்டுக் குடும்பத்தின் அறிவியல் பெயர் கராபிடே. அதில்தான் கதை இருக்கிறது. கராபோஸ் என்ற கிரேக்கச் சொல் ஒருவகை வண்டையும் குறித்தது, கடலில் பிடிக்கும் சிங்கி இறாலையும் குறித்தது. இது என்ன கூட்டு என்று தோன்றும். நம் தொல்காப்பியரும் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர் என்று ஒரே அடியில்தான் வைத்தார். அவர் கணக்கிட்டது புலன்களை, உடலை மூடும் மேலோட்டை அல்ல. இன்றைய உயிரியலிலும் இரண்டும் கணுக்காலிகளே.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் கராபஸ் என்ற பேரினத்தை வைத்தார். 1802-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் அதைக் குடும்பமாக்கினார். 'இடே' என்ற வாலுக்குக் கிரேக்கத்தில் 'இன்னார் வழிவந்தோர்' என்று பொருள். விலங்குக் குடும்பப் பெயர்கள் எல்லாம் இதில்தான் முடிய வேண்டும் என்பது பெயரிடல் விதி. ஆக, கராபஸ் வழியினர். 'குடி' என்றே சொல்லியிருக்கலாம்; பாடநூல்களில் 'குடும்பம்' நிலைத்துவிட்டது, சரி. புலிவண்டுகளை இந்தக் குடும்பத்தில் சேர்ப்பதா, தனியே பிரிப்பதா என்ற வழக்கு மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 40,000 இனங்கள். நம் பக்கத்து வெப்பமண்டலக் காடுகளில் பல மரத்திலேயே வாழ்கின்றன. தென்கிழக்காசியாவின் வயலின் வண்டு அவற்றில் ஒன்று. தட்டையான உடல், விரிந்த இலை போன்ற சிறகுறை. மரத்தில் முளைக்கும் தட்டுக் காளானுக்குள் அதன் புழு வளரும். இதைப் போய் எப்படித் தரைவண்டு என்பது? அதனால் குடும்பத்தைச் சொல்லும்போது 'கராபிடே' என்றும், நிலத்தில் ஓடுவதை மட்டும் 'தரைவண்டு' என்றும் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வயலின் வண்டுக்கு 1825-இல் பூச்சியியலாளர் ஹாகன்பாக் இட்ட பெயர் மார்மோலைசி ஃபில்லோடெஸ். பின்சொல்லுக்கு 'இலை போன்ற' என்று பொருள். முன்சொல், கிரேக்கத் தாய்மார் பிள்ளைகளை மிரட்டக் கூப்பிட்ட ஒரு பேய். தமிழில் அதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை: இலைப் பூச்சாண்டி. அதற்குள் ஒரு பூச்சியும் ஒளிந்திருக்கிறது.