டியூனரில் பச்சை, காதில் பிசிறு

டிசம்பர் பிறந்துவிட்டால் குளச்சல் பக்கம் கேரல் பயிற்சி களைகட்டிவிடும். போன வருடம் அப்படியொரு மாலையில் பக்கத்து வீட்டுத் தம்பி தன் எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணே, டியூனர்ல ஆறு கம்பியும் பச்சை காட்டுது. மேல போய் லீட் வாசிச்சா மட்டும் கீபோர்டோட இடிக்குது.” கடையில் கேட்டதற்குக் கிட்டாரின் கழுத்தே போய்விட்டது, வேறு வாங்கிக்கொள் என்றார்களாம். கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டியூனர் என்ற சுருதி காட்டும் கருவியை வைத்து அவன் சுருதி சேர்த்தது திறந்த கம்பிக்கு, அதாவது விரல் அழுத்தாத கம்பிக்கு. இடித்தது அழுத்திய கம்பி.

கம்பியின் நீளம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் கணக்குப்படி கம்பியின் நீளம் 648 மி.மீ. அதனால் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான பிரெட்டுகளில் 12ஆவதை, கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 324 மி.மீ. தள்ளி அடித்திருப்பார்கள். தடித்த ஈ கம்பி திறந்த நிலையில் நொடிக்கு 82.4 முறை அதிர்ந்தால், அங்கே அழுத்தும்போது 164.8 முறை அதிரவேண்டும். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் கம்பி பிரெட்டைத் தொடாமல் சற்று உயரத்தில் அல்லவா ஓடுகிறது? அழுத்தும்போது அது கீழே வளைந்து மயிரிழை அளவு நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, சுருதியும் ஏறுகிறது. மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியை நடுவில் அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்க முடிச்சும் இறுகும்.

வீணையிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு மெழுகில் பதிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தேடலாம். கிட்டாரில் பிரெட்டை மரத்தில் அடித்து இறக்கியாயிற்று. நகர்த்த மிச்சமிருப்பது கம்பியின் மறுமுனை மட்டும், அதாவது கிட்டாரின் உடம்பில் இருக்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடில்.

சேடிலை 2 மி.மீ. பின்னால் தள்ளினால் திறந்த கம்பிக்கும் 2 மி.மீ. கூடுகிறது, அழுத்திய கம்பிக்கும் 2 மி.மீ. கூடுகிறது. பிறகு என்ன லாபம்? 648-இல் 2 என்பது சின்னப் பங்கு. 324-இல் அதே 2 இரு மடங்கு பங்கு. திறந்த கம்பியை மறுபடி டியூன் செய்துவிட்டால், அழுத்திய சுரம் மட்டும் இறங்கி நிற்கும். ஒரு அரைச் சுரத்தை 100 சென்ட்டாகப் பிரிப்பது வழக்கம். இந்த அளவுக் கிட்டாரில் 1 மி.மீ. நகர்த்தினால் 12ஆவது பிரெட்டில் ஏறத்தாழ 2.7 சென்ட் இறங்கும்.

எல்லாக் கம்பியும் ஒரே அளவு பின்னால் போகாது. உள்ளே இருக்கும் எஃகு எவ்வளவு தடிமனோ, அழுத்தும்போது சுருதி அவ்வளவு துள்ளும். அதனால் மெல்லியதிலிருந்து எண்ணினால் முதல் மூன்று கம்பிகளின் சேடில்கள் படிப்படியாகப் பின்னால் போகும். நான்காவது சட்டென்று முன்னே வரும். அது பார்க்கத் தடியாக இருந்தாலும் மேலே சுற்று போட்ட கம்பி, உள் எஃகு மெல்லியது. நல்ல செட்டிங் உள்ள கிட்டாரின் பிரிட்ஜை மேலிருந்து பார்த்தால் இந்த இரட்டைப் படிக்கட்டு தெரியும்.

தம்பியிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்காமல் முதலில் புதுக் கம்பி வாங்கி வரச் சொன்னேன். கடலோரத்தில் இதுதான் முதல் குற்றவாளி. உப்புக் காற்றும் விரல் வியர்வையும் கம்பியை அங்கங்கே அரிக்கும். பிரெட்டில் உரசும் இடமும் தேயும். எடை சீராக இல்லாத கம்பி எந்த சேடிலுக்கும் அடங்காது. தவிர, நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரத்தில் கழுத்து மரம் லேசாக வளையும், கம்பியின் உயரம் மாறும். ஆகவே புதுக் கம்பி, அப்புறம் கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம். சேடில் கடைசி. வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்யவேண்டும்.

புதுக் கம்பி போட்டதுமே ஆறாவது கம்பியின் பிசகு 14 சென்ட்டிலிருந்து 6-க்கு இறங்கியது. மிச்சத்துக்குத்தான் ஸ்க்ரூ. கிட்டாரை மடியில் கிடத்தாமல் வாசிக்கும் நிலையிலேயே பிடித்துக்கொண்டு, 12ஆவது பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டி விரலை எடுத்தால் மணிபோல ஹார்மோனிக் வரும். டியூனரில் அதைப் பார்த்துவிட்டு, வழக்கமாக அழுத்தும் பலத்தில் அதே இடத்தில் அழுத்தி மீட்டவேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடில் பின்னே, இறங்கியிருந்தால் முன்னே. ஒவ்வொரு முறையும் கம்பியைத் தளர்த்தித் திருகி, மறுபடி டியூன் செய்தே பார்க்கவேண்டும். அந்த 6 சென்ட்டுக்கு இரண்டு மி.மீ.க்குச் சற்று மேலே தேவைப்பட்டது. முதல் இரண்டு பிரெட்டில் மட்டும் சுரம் ஏறினால் சேடிலைத் தொடாதீர்கள். நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்து ஈ மேஜர் கார்டு, அதாவது அந்தச் சுரக் கூட்டு, அடித்தவன் முகம் சுளித்தான். “மூணாவது கம்பி இன்னும் கூர்மையா கேட்குதே, அண்ணே?” காது நல்ல காது. பன்னிரண்டு அரைச் சுரங்களையும் சம இடைவெளியில் வைத்ததற்குக் கொடுக்கும் விலை அது. ஈ மேஜரில் மூன்றாவது கம்பி தரும் அந்த ஜி ஷார்ப், இயற்கையான இணக்கத்தைவிட 14 சென்ட் உயரத்தில்தான் நிற்கும். ஈ மேஜர் இனிக்கவேண்டும் என்று அவன் மூன்றாவது கம்பியைக் கொஞ்சம் இறக்கினான். அடுத்த பாட்டு ஜி மேஜர். முதல் கார்டிலேயே கையை எடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பழைய இடத்துக்கே ஏற்றிக்கொண்டான்.